கடல் விட்டுச் சென்ற துறைமுகம்

தமிழ் படித்த நம் எல்லோருக்கும் 'கடல்கோள்' என்ற சொல் அறிமுகமானதுதான். கடல் பொங்கி எழுந்து ஓர் ஊரையே கொண்டுபோய்விடுவதை அது குறிக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஒரு துறைமுகத்தை விட்டுக் கடல் மெல்ல மெல்ல விலகிச் சென்றுவிட்டால்? கொற்கையின் நினைவு உடனே வரும். அங்கே தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தூர்த்தது. நான் இங்கே சொல்லப்போகும் தீவில் ஆறும் இல்லை, வண்டலும் காரணம் இல்லை. அங்கே நிலமே எழுந்தது. இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது.

தீவின் பெயர் பியோர்க்கோ. சுவீடனின் மேலாரன் ஏரியில், தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 'பிர்ச் மரங்களின் தீவு' என்பது பெயரின் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதில் பிர்கா என்ற வணிக நகரம் இருந்தது. சுவீடன் நாட்டின் மிகப் பழைய நகரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பரிமாற்றத் திட்டத்தின்கீழ் உப்சாலாவில் ஒரு பருவம் படித்தபோது நான் இரண்டு முறை அந்தத் தீவுக்குப் போயிருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலாப் பயணியாகப் பார்த்துவிட்டு வந்தேன். இடையில் நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன். இரண்டாவது முறை போனபோது அதே தீவு வேறாகத் தெரிந்தது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஓர் எளிய கழித்தல் கணக்கு.

மேலாரன், சுவீடனின் மூன்றாவது பெரிய ஏரி. பரப்பளவு சுமார் 1100 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஒன்றரைச் சிங்கப்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஏரியின் கிழக்கு முனையில்தான் ஸ்டாக்ஹோம் நகரம் அமர்ந்திருக்கிறது. நோபெல் விருந்து நடக்கும் நகர மண்டபத்துக்கு அருகிலிருந்து கோடைக்காலத்தில் படகு புறப்படும். இரண்டு மணி நேரப் பயணம். இறங்கியதும் கண்ணில் படுவது பெரிதாக ஒன்றுமில்லை. புல்வெளி, மேயும் ஆடுகள், ஜூனிப்பர் புதர்கள், ஒரு சிறிய அருங்காட்சியகம், பாறைக் குன்றின் மேல் ஒரு கற்சிலுவை. அப்புறம் மேடுகள். அலையலையாக, நூற்றுக்கணக்கில், புல் மூடிய மேடுகள். அத்தனையும் கல்லறைகள்!

ஏரியின் நீர்மட்டத்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடல் மட்டத்தைவிட மேலாரன் சராசரியாக 70 சென்டிமீட்டர்தான் உயரம். ஒரு சாப்பாட்டு மேசையின் உயரம்கூட இல்லை.

பாறையில் வெட்டிய ஒரு கோடு

நிலம் எழுகிறது என்றால் நம்பக் கடினமாக இருக்கும். சுவீடன்காரர்களுக்கே தொடக்கத்தில் கடினமாகத்தான் இருந்தது. கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் தங்கள் கண் முன்னாலேயே மாற்றத்தைப் பார்த்து வந்தார்கள். தாத்தா படகு கட்டிய இடத்தில் பேரன் மாடு மேய்த்தான். முன்பு கடல்நாய்கள் ஏறிப் படுத்த பாறைகள் காலப்போக்கில் அவற்றுக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. இதை முறையாக அளக்க முற்பட்டவர் நாம் எல்லோரும் வெப்பநிலை அளவையில் பெயர் அறிந்த ஆண்டெர்ஸ் செல்சியஸ். உப்சாலாவில் வானியல் பேராசிரியராக இருந்தவர். 1731ஆம் ஆண்டு, யேவ்லெ நகருக்கு அருகே உள்ள ஒரு தீவில், பாறை ஒன்றில் அன்றைய கடல் மட்டத்தைக் கோடாக வெட்டி வைத்தார். அந்தக் கோடு இன்று நீர்மட்டத்துக்கு மேலே சுமார் 2 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

செல்சியஸ் அளந்தது சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. கடல் நீர் குறைந்து வருகிறது என்பது அவர் முடிவு. சமயத் தலைவர்கள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் ஓர் அழகான கேள்வியை எழுப்பினார்கள். தண்ணீர் குறைகிறது என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைய வேண்டும் அல்லவா? வடக்கே வேகமாகவும் தெற்கே ஏறக்குறைய குறையாமலும் இருப்பது எப்படி? அப்படியானால் அசைவது நீர் அல்ல, நிலம். 1834இல் பிரிட்டிஷ் புவியியலாளர் சார்ல்ஸ் லயல் நேரில் வந்து கரையோரங்களைப் பார்த்துவிட்டு, நிலம் எழுகிறது என்பதை ஏற்று எழுதினார். ஏன் எழுகிறது என்பதற்கு விடை 1865இல் வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் ஜேமிசன், பனியின் எடைதான் காரணம் என்றார்.

கடைசிப் பனியூழியில் ஸ்காண்டிநேவியாவை மூடியிருந்த பனிப்பாளம் சில இடங்களில் சுமார் 3 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. அவ்வளவு எடையின் கீழ்ப் பூமியின் மேலோடு அமுங்கியது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி உருகி விலகியது. ஆனால் மேலோடு உடனே நிமிரவில்லை. மெத்தையில் நெடுநேரம் உட்கார்ந்தவர் எழுந்த பிறகு குழி மெதுவாக நிரம்புவதைப் போல, அது இன்றும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. சுவீடனின் வடகிழக்குக் கரையில், 'உயர்ந்த கரை' என்று பெயர் பெற்ற பகுதியில், பழைய கடற்கரைத் தடம் 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான்! ஸ்டாக்ஹோம் பகுதியில் நிலம் எழும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். நகம் வளரும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு அது 5 மீட்டர்.

மேலே நான் சொன்ன கழித்தல் கணக்கு இதுதான். இன்றைய வரைபடத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தைக் கழித்துப் பாருங்கள். மேலாரன் ஏரி மறைந்துவிடும். அதன் இடத்தில் பால்டிக் கடலின் ஒரு நீண்ட, பல கிளைகள் கொண்ட விரிகுடா தோன்றும். பியோர்க்கோ இன்றைய அளவில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். தெற்கே இன்று சோடெர்தேலியெ நகரம் இருக்கும் இடத்தில் நிலம் திறந்து, பால்டிக் கடலிலிருந்து நேரே உள்ளே வர ஒரு குறுக்கு வழி கிடைக்கும். ஆடு மேயும் சால்விகன் புல்வெளி, கப்பல் ஒதுங்கும் குடாவாகிவிடும். முதல் முறை நான் ஏரித் தீவு என்று நினைத்துப் பார்த்த இடம், உண்மையில் உப்புநீர் கடல்வழியில் ஒரு நாற்சந்தி.

கறுப்பு மண்

பிர்காவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான எழுத்துச் சான்று ஒரு துறவியின் வாழ்க்கை வரலாறு. பிராங்கு நாட்டுத் துறவி ஆன்ஸ்கார் 829-30ஆம் ஆண்டுவாக்கில் கிறித்துவ சமயத்தைப் பரப்ப பிர்காவுக்கு வந்தார். வழியில் கடற்கொள்ளையர் தாக்கி, அவர் கொண்டுவந்த நாற்பது நூல்கள் அளவில் பறிபோயின. கரையேறி நடந்தே வந்து சேர்ந்தார். பியோர்ன் என்ற அரசர் அனுமதி தந்தார். நகரத் தலைவர் ஹெர்கெய்ர் மதம் மாறித் தம் நிலத்தில் ஒரு தேவாலயம் கட்டினார். இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஆன்ஸ்காரின் சீடர் ரிம்பெர்ட். ஆனால் பிர்கா எந்தத் தீவில் இருந்தது என்பதை அவர் திட்டவட்டமாகக் குறிப்பிடவில்லை. குன்றின் மேலுள்ள கற்சிலுவை ஆன்ஸ்காரின் நினைவாக 1834இல் நிறுவப்பட்டது. எனவே அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

உறுதியான சான்று மண்ணுக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அதைத் தேடி வந்தவரும் அல்லர் என்பதுதான் சுவை. யால்மார் ஸ்டோல்பெ என்ற இளம் இயற்கை ஆய்வாளர் 1871இல் தீவுக்கு வந்தார். அம்பர் எனப்படும் மரப்பிசின் கல்லுக்குள் சிக்கிய பூச்சிகளைத் தேடுவது அவர் நோக்கம். பியோர்க்கோவில் அம்பர் நிறையக் கிடைத்தது. ஆனால் அத்தீவில் இயற்கையாக அம்பர் கிடையாது. அப்படியானால் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். பூச்சிகளை மறந்துவிட்டு அவர் தோண்டத் தொடங்கினார். 1895 வரை சுமார் 1100 கல்லறைகளை அகழ்ந்தார். ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட தாளில் அளவெடுத்து வரைந்து வைத்தார். அந்த வரைபடங்கள் இல்லையென்றால் பின்னால் வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

கல்லறைகள் தீவு முழுவதும் சுமார் 3000 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நகரம் இருந்த இடம் அவற்றுக்கும் கரைக்கும் நடுவே உள்ள 'கறுப்பு மண்' என்ற நிலப்பகுதி. சுமார் 7 ஹெக்டேர். கிட்டத்தட்ட பத்துக் காற்பந்துத் திடல்கள். இருநூறு ஆண்டுக் காலம் அங்கே வாழ்ந்தவர்களின் அடுப்புக்கரி, எலும்பு, குப்பை, சாணம் எல்லாம் சேர்ந்து மண்ணைக் கறுப்பாக்கிவிட்டன. 1990 முதல் 1995 வரை பியோர்ன் அம்ப்ரோசியானி தலைமையில் அந்தக் குப்பையின் ஒரு சிறு பகுதியை மிகக் கவனமாகச் சலித்தார்கள். எனக்கு அரண்மனைகளைவிடக் குப்பைமேடுகள் மேல் நம்பிக்கை அதிகம். அரண்மனை ஒருவர் காட்ட விரும்பியதைக் காட்டும். குப்பை அவர் மறந்ததைக் காட்டும்.

அந்த மண்ணில் நரி, அணில் போன்ற விலங்குகளின் பாத எலும்புகள் தனியாகக் கிடைத்தன. தோலை உரித்துப் பதப்படுத்தும்போது வெட்டி எறிந்தவை அவை. பிர்காவின் முதன்மை ஏற்றுமதி மென்மயிர்த் தோல் என்பதை அந்தச் சிறு எலும்புகள் சொல்கின்றன. எலும்பில் செய்த பனிச்சறுக்குக் காலணிகளும் கிடைத்துள்ளன. குளிர்காலத்தில் விரிகுடா உறைந்ததும் பனிக்கட்டியே சாலையாகிவிடும். தோலின் தரம் சிறந்திருப்பதும் அந்தப் பருவத்தில்தான். இறக்குமதியாக வந்தவற்றின் பட்டியல் நீளமானது. கலீபாக்களின் நாட்டு வெள்ளிக் காசுகள், கிழக்கிலிருந்து வந்த சூதுபவள மணிகள், ரைன் நதிக்கரையின் கண்ணாடிக் கோப்பைகள், பல கல்லறைகளில் பட்டுத் துணியின் எச்சங்கள். ரஷ்ய ஆறுகள் வழியே கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் போன வழியின் வடமுனை இதுவே. இவ்வளவும் நடந்த நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 500 முதல் 1000 பேர் வரை. நம் ஊரில் இரண்டு மூன்று வீவக அடுக்குமாடிகளில் அடங்கிவிடுவார்கள்.

ஸ்டோல்பெ 1878இல் திறந்த ஒரு கல்லறையை இங்கே குறிப்பிட வேண்டும். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயங்கள், இரண்டு குதிரைகள், ஆட்டக் காய்கள். 'உயர்நிலைப் போர்வீரன்' என்று நூறாண்டுக்கு மேல் எல்லா நூல்களும் எழுதின. 2017இல் வெளியான மரபணு ஆய்வு, எலும்புகள் ஒரு பெண்ணுடையவை என்று காட்டியது. எலும்புப் பெட்டி மாறியிருக்குமோ, ஆயுதங்களோடு புதைக்கப்பட்டவரெல்லாம் போரிட்டவர்தாமா என்றெல்லாம் விவாதம் எழுந்தது. ஆய்வாளர்கள் 2019இல் விரிவாகப் பதில் எழுதினார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கல்லறை ஆணுடையது என்று கருதப்பட்ட காலத்தில் அந்தக் கேள்வியை ஏன் யாரும் அழுத்திக் கேட்கவில்லை என்பது என் சந்தேகம்.

ஏன் விட்டுப் போனார்கள்?

ஏறத்தாழ 750இல் தோன்றிய பிர்கா, 975ஆம் ஆண்டு அளவில் கைவிடப்பட்டது. நூறு ஆண்டு கழித்து, 1070களில், பிரேமன் நகரத்து ஆதாம் தம் நூலில் அந்நகரம் அடையாளமே தெரியாமல் அழிந்துவிட்டதாக எழுதுகிறார். 936இல் பிர்காவில் இறந்த உன்னி என்ற பேராயரின் கல்லறையைக்கூடக் கண்டறிய முடியவில்லையாம்.

நிலம் எழுந்ததுதான் காரணம் என்று படகிலேயே வழிகாட்டி சொல்லிவிடுவார். கேட்க நிறைவாக இருக்கும். சோடெர்தேலியெ வழியாக வந்த தெற்குக் குறுக்கு வழி மேடாகிக் கப்பல்களுக்கு அடைபட்டது உண்மை. துறையில் தண்ணீர் குறைந்ததும் உண்மை. அகழாய்வில் வெளிப்பட்ட கல் படகுத்துறை இன்று கரையிலிருந்து உள்ளே தள்ளி நிலத்தில் கிடப்பதை யாரும் பார்க்கலாம். ஆனால் இந்த விளக்கம் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நகரம் உயிரோடிருந்த 225 ஆண்டுகளில் நிலம் எழுந்தது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கரை விலகினால் துறையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கட்டலாம். அப்படித்தான் அவர்கள் செய்தும் வந்தார்கள். மேலும், பிர்கா ஓய்ந்த சில ஆண்டுகளில், 980ஐ ஒட்டி, சிக்டுனா என்ற புதிய நகரம் எழுந்தது. அது எங்கே இருக்கிறது? இதே மேலாரன் நீர்ப்பரப்பில், கடலிலிருந்து இன்னும் உள்ளே! தண்ணீர்க் குறைவுதான் காரணம் என்றால் யாரும் இன்னும் உள்ளே போயிருக்க மாட்டார்கள்.

எனவே வேறு காரணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிலிருந்து வந்த வெள்ளியின் வரத்து வற்றியது. பால்டிக் கடலின் நடுவே உள்ள கோட்லாந்துத் தீவினர் வணிகத்தில் முந்திக்கொண்டார்கள். சிக்டுனாவோ ஒரு கிறித்துவ அரசின் நகரமாக வளர்ந்தது. சுவீடனின் முதல் நாணயங்கள் 995 அளவில் அங்கேதான் அச்சாயின. பழைய நகரம் தளர்ந்திருந்த வேளையில் நிலமும் கைகொடுக்கவில்லை என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நகரம் போனாலும் அரசு அந்தப் பகுதியை உடனே மறக்கவில்லை. பியோர்க்கோவுக்கு எதிரே உள்ள அடெல்சோ தீவில் ஹோவ்கோர்டன் என்ற அரச மாளிகை இருந்தது. அங்கிருந்துதான் அரசர்கள் பிர்காவைக் கண்காணித்ததாகக் கருதப்படுகிறது. பிற்காலத்து ரூன் எழுத்துக் கல் ஒன்று அங்கே ஹோக்கான் என்ற அரசரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1280இல் சுவீடனின் பிரபு வகுப்புக்குச் சட்ட அடிப்படை தந்த ஆணையும் அதே தீவில்தான் பிறந்தது. இரண்டு இடங்களையும் சேர்த்தே யுனெஸ்கோ 1993இல் உலக மரபுடைமையாக அறிவித்தது.

பிர்காவுக்கும் முந்திய கதை ஒன்று, பியோர்க்கோவுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையில் ஹெல்யோ என்ற இடத்தில் கிடைத்தது. 1954இல் தொடங்கி, வில்ஹெல்ம் ஹோல்ம்க்விஸ்ட் தலைமையில் நடந்த அகழாய்வில் 1956இல் வெண்கலப் புத்தர் சிலை ஒன்று வெளிப்பட்டது. உயரம் 8.4 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். தாமரை மேல் அமர்ந்த அந்தப் புத்தர், 6ஆம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்குப் பகுதியில் வார்க்கப்பட்டவர் என்று கருதப்படுகிறார். அயர்லாந்து ஆயரின் செங்கோல் தலைப்பும் எகிப்திலிருந்து வந்த அகப்பையும் அதே இடத்தில் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் புத்தரைப் பார்த்துவிட்டு வந்த நம்மவர்கள் சிலர், இந்தியர்கள் அந்தக் காலத்திலேயே சுவீடன்வரை போயிருக்கிறார்கள் என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பொருள் போயிருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தச் சிலை சான்று. எத்தனை கை மாறி, எத்தனை தலைமுறை கடந்து அது அங்கே சேர்ந்தது என்பதை அந்தச் சிலை சொல்லவில்லை. கடைசியாக வைத்திருந்தவருக்கு அது புத்தர் என்று தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

விரிகுடா ஏரியானது பிர்கா காலத்துக்குப் பிறகு, 12ஆம் நூற்றாண்டை ஒட்டி. நீர் வெளியேறும் குறுகிய வாயில் மேடாகி, அங்கே ஓட்டம் உண்டானது. கடற்கப்பல்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏறுவது கடினம். சரக்கை இறக்கி மாற்ற வேண்டும். அந்த வாயிலில் எழுந்த ஊரின் பெயர் 1252இல் முதன்முதலாக எழுத்தில் வருகிறது: ஸ்டாக்ஹோம். ஏரிக்கும் கடலுக்கும் இடையே படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு 1642இல் அங்கே திறக்கப்பட்டது. 'ஸ்லூசன்' என்று அந்த இடத்துக்குப் பெயரே அதனால்தான்.

இன்று சுமார் 20 லட்சம் பேருக்குக் குடிநீர் தருவது மேலாரன். 2016இல் ஸ்லூசனை முழுமையாக மாற்றிக் கட்டத் தொடங்கினார்கள். வெள்ளக் காலத்தில் ஏரி நீரைக் கூடுதலாக வெளியேற்றுவதும், கடல் நீர் உள்ளே வராமல் தடுப்பதும் அதன் நோக்கங்களில் அடங்கும். கடல் நீர் ஏன் உள்ளே வரப்போகிறது? ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் என்ற கணக்கில் நிலம் எழுகிறது. ஆனால் உலகம் வெப்பமடைவதால் கடலும் எழத் தொடங்கிவிட்டது. அதன் வேகம் நிலத்தின் வேகத்தை எட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சமமானால் கரை அசையாமல் நிற்கும். கடல் முந்தினால், 70 சென்டிமீட்டர் உயர வேறுபாடு கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும். அது தீர்ந்தால் மேலாரன் மறுபடியும் பால்டிக் கடலின் விரிகுடாதான்.